குழி நிறைந்த பின்

(ஒரு பேரூராட்சியில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிய பிறகு அது எங்கே போகிறது, போன இடத்தில் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. நாலு பேர் நடுவில் பேசக்கூடாத விஷயம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் இந்த ஊரில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்ட இடம் பார்க்கிறார்கள். 'எங்கள் பக்கம் வேண்டாம்' என்று ஒரு மனுவும் போயிருக்கிறது. மனு கொடுத்தவர்கள் பலர் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். உங்கள் அச்சம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குள் கொஞ்சம் வர அனுமதி கொடுங்கள். அந்த நிலையம் ஊர்க்கோடியில் தொடங்குவதாக நினைக்கிறீர்கள். அது உங்கள் கழிப்பறைக்குக் கீழே, நீங்கள் கட்டிவைத்திருக்கும் குழியில் தொடங்குகிறது.

'பெரிய ஊர்களுக்குப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது, நமக்கு எப்போது வரும்?' என்று வந்ததும் ஒரு பெரியவர் கேட்டார். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பாதாளச் சாக்கடை உள்ளவை மிகச் சில. எல்லா ஊருக்கும் அது வரவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் அடைக்காமல் ஓட வேண்டுமானால் நாள் முழுதும் தண்ணீர் போய்க்கொண்டிருக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை குடிநீர் வரும் ஊரில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? சமதளமான ஊர் என்றால் சரிவு கிடைக்காது. இடையிடையே மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். கடைசியில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவும் பகலும் காற்றை ஊதிக்கொண்டே இருக்க மின்சாரம் வேண்டும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் கண்டுபிடித்த அந்த முறை பெருநகரங்களைக் காப்பாற்றியது உண்மை. பெருநகரத்தின் வரி வருவாயும் பொறியாளர் படையும் அதற்குப் பின்னால் இருந்தன. நம் பேரூராட்சியில் ஒரு பிளம்பர் விடுப்பு எடுத்தால் இரண்டு தெருவுக்குத் தண்ணீர் வராது. நமக்குத் தக்கதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நம்மிடம் ஏற்கனவே இருப்பது செப்டிக் டேங்க். முறையாகக் கட்டியிருந்தால் அது ஒரு நல்ல கருவி. உள்ளே போகும் நீர் ஓரிரு நாள் அசையாமல் நின்றால் கனமானது அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாகப் படியும், நடுவில் இருக்கும் நீர் அடுத்த அறைக்குப் போகும். அடியில் தங்கியதைக் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் செரிக்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஆனால் அது செய்வது பாதி வேலைதான். வெளியே வரும் நீரில் நோய்க் கிருமிகள் அப்படியே இருக்கும். அதை உறிஞ்சுகுழியில் விட்டு மண் வடிகட்ட வேண்டும். அடியில் தங்கிய கசடை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் கசடு சேரும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைக்கும் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று ஆண்டில் 600 லிட்டர். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு கசடாகிவிட்டால் நீர் நின்று தெளிய இடமில்லாமல் போகும். அதற்குப் பிறகு உள்ளே போவதெல்லாம் அப்படியே வெளியே வரும்.

'எங்கள் டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட லாரி வந்ததில்லை' என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இங்கேயும் இரண்டு பேர் சொன்னார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் கொத்தனார் அப்படித்தான் சொல்லிக் கட்டிக் கொடுத்திருப்பார். ஐந்து பேர் இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டில் நிறையாத தொட்டி என்று ஒன்று இருக்க முடியாது. ஒன்று, அடியில் தளம் போடாமல் சிமென்ட் உறையை மட்டும் இறக்கியிருக்கிறார்கள். உள்ளே போனது மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அல்லது மேலே ஒரு குழாய் வைத்து வாய்க்காலில் விட்டிருக்கிறார்கள். நிறைந்ததெல்லாம் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. லாரி செலவு மிச்சமானதாகத் தோன்றும். அந்தச் செலவை உங்கள் கிணறும் போர்வெல்லும் ஏற்றிருக்கின்றன.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் செப்டிக் டேங்க் விதி, கழிவுநீரை மண்ணில் இறக்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. 18 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 60 அடி. நம் மனைகள் எத்தனை அடி? முப்பதுக்கு நாற்பது. உங்கள் மனைக்குள் 60 அடி கிடையவே கிடையாது. உங்கள் குழிக்கும் பக்கத்து வீட்டு போர்வெல்லுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. இப்படி மண்ணில் இறங்குவதில் நைட்ரேட் முக்கியமானது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்றுவதால் அளவு இன்னும் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைகளுக்குத்தான் இதனால் ஆபத்து அதிகம். அவர்களுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் வீடுகளில் இதைப் பற்றி யாராவது பேசியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஒருமுறை உங்கள் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். பெரிய செலவில்லை.

சரி, ஒழுங்காகக் கட்டிய தொட்டி நிறைந்தது, லாரியைக் கூப்பிட்டோம். குழாயை விட்டு மோட்டாரால் உறிஞ்சி, அரை மணி நேரத்தில் வேலை முடிந்து, பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த லோடு எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. பத்து மைல் ஓட்டிக்கொண்டு போனால் டீசலுக்குக் கட்டாது. ஆகவே இருட்டிய பிறகு ஏரி உபரிநீர்க் கால்வாய், தரிசு நிலம், சாலையோரப் பள்ளம் என்று எங்கே ஆளில்லையோ அங்கே திறந்துவிடுகிறார்கள். சாக்கடை நீரைவிடக் கசடு பல மடங்கு செறிவானது. இருபது மடங்கு ஆனாலும் வியப்பில்லை. ஒரு லாரிக் கசடைத் திறந்த வெளியில் கொட்டுவது ஐயாயிரம் பேர் திறந்த வெளியில் மலம் கழிப்பதற்குச் சமம் என்று இத்துறையில் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டி, திறந்தவெளி மலம் கழிப்பு ஒழிந்த ஊர் என்று பலகையும் வைத்துவிட்டு, வாரத்துக்கு நாலு லோடு கால்வாயில் விட்டால் அந்தப் பலகைக்கு என்ன பொருள்?

லாரிக்காரரை மட்டும் பிடித்து அபராதம் போட்டுப் பயனில்லை. கொட்டுவதற்கு முறையான இடம் ஒன்றை நாம் காட்டியிருக்கிறோமா என்பதுதான் முதல் கேள்வி. தமிழக அரசு 2014-இல் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில், பெருநகரங்களில் சாக்கடை நீரேற்று நிலையங்களிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் லாரிகள் வந்து இறக்க இடம் ஒதுக்கினார்கள். திருச்சி இதில் முன்னோடி. பாதாளச் சாக்கடையே இல்லாத ஊர்களுக்கு இந்த வழி கிடையாது. அவற்றுக்குக் கசடுக்கென்றே தனி நிலையம் வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி முதலில் வந்தது கருங்குழியில், 2017-இல். உங்களில் பலர் ஜி.எஸ்.டி. சாலையில் அந்த ஊரைக் கடந்துதான் சென்னைக்குப் போய் வருகிறீர்கள். கருங்குழிக்கும் பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்து, ஒரு நாளைக்கு 23,300 லிட்டர் வாங்கும் அளவில் கட்டினார்கள். ஐயாயிரம் லிட்டர் லாரி என்றால் நாலு, ஐந்து லோடு. இதே காலத்தில் கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பகுதியையும் முன்னோடி இடமாக எடுத்துக்கொண்டு வேலை தொடங்கினார்கள்.

கருங்குழியில் இருப்பது எந்திர மயமான ஆலை என்று நினைத்துவிடாதீர்கள். அதன் இதயம் உலர்படுகை. தரையில் பெரிய தொட்டிகள். அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் மணல். லாரி கொண்டுவரும் கசடில் கலந்திருக்கும் துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாவற்றையும் கம்பி வலையில் தடுத்துவிட்டு, இந்த மணல் மேல் ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்துக்குப் பரப்புகிறார்கள். நீர் மணல் வழியாகக் கீழே வடியும். மிச்சம் வெயிலில் ஆவியாகும். நல்ல வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்குள் கசடு வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். வற்றிய ஏரியின் வண்டல் எப்படிப் பாளமாக வெடித்துக் கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பதம் வந்தால் மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

கீழே வடிந்த நீர் இன்னும் அசுத்தம்தான். அதை ஜல்லி நிரப்பி, கல்வாழை போன்ற செடிகள் வைத்த நீண்ட படுகை வழியாக மெல்ல ஓட விடுகிறார்கள். செடி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் முக்கால்வாசி வேலையைச் செய்பவை ஜல்லியின் மேலும் வேரைச் சுற்றியும் மெல்லிய படலமாய்ப் படிந்து வாழும் நுண்ணுயிர்கள். வேர் அவற்றுக்கு வீடு கொடுக்கிறது. கொஞ்சம் காற்றும் கொடுக்கிறது. படுகை அடைத்துக்கொள்ளாமல் வழிவிடுகிறது. அங்கிருந்து நீர் ஆழமில்லாத ஒரு குளத்துக்குப் போகிறது. ஆழம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: வெயில் அடிவரை இறங்க வேண்டும். சூரிய ஒளியும், பகலில் பாசி வளர்வதால் நீரில் கூடும் காரத்தன்மையும் சேர்ந்து கிருமிகளைக் கொல்கின்றன. நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? மேலை நாட்டுக்காரர் மின்சாரம் செலவழித்துச் செய்வதை நமக்கு வெயில் செய்து தருகிறது. ஒரு பேரூராட்சி தன் சொந்தக் கையால் நடத்தக்கூடிய முறை இது என்பதால்தான் இதை நான் ஆதரிக்கிறேன்.

இப்போது மனு கொடுத்தவர்களின் கேள்விக்கு வருகிறேன். நாற்றம் வருமா? லாரி இறக்கும் நேரத்திலும், புதுக் கசடு பரப்பிய முதல் நாளிலும் வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ந்த பிறகு பெரிதாக இருக்காது. ஆகவே வீடுகளிலிருந்து தள்ளி இடம் கேட்பதும், சுற்றிலும் மரம் வைக்கச் சொல்வதும் உங்கள் உரிமை. நாற்றத்தைவிட எனக்குப் பெரிய கவலை ஐப்பசி மழை. திறந்த படுகையில் மழை பெய்தால் உலர்ந்தது மறுபடி குழம்பாகும்; படுகை நிரம்பி வழிந்தால் எல்லா உழைப்பும் வீண். வெயில் ஊடுருவும் கூரை வேண்டும். இன்னொன்று மணல். ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் கசடோடு கொஞ்சம் மணலும் போகும். அதை மறுபடி போட வேண்டும். மணல் வாங்க பட்ஜெட்டில் பணம் ஒதுக்காமல் விட்டதால் படுகை அடைத்து, கசடு காயாமல் நின்றுபோகும் நிலையங்கள் உண்டு. திறப்பு விழாவுக்குப் பந்தல் போடப் பணம் கிடைக்கிறது; நாலாவது ஆண்டில் இரண்டு லோடு மணலுக்குக் கிடைப்பதில்லை. இதை வேதனையோடு சொல்கிறேன்.

காய்ந்த கசடை என்ன செய்வது? கர்நாடகத்தில், பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தேவனஹள்ளி என்று ஓர் ஊர். திப்பு சுல்தான் பிறந்த ஊர். பாதாளச் சாக்கடை இல்லாத அந்தச் சிறு ஊரில் 2015-இல் நாளைக்கு 6,000 லிட்டர் வாங்கும் சிறிய கசடு நிலையத்தைத் திறந்தார்கள். காய்ந்த கசடை ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்து எருவாக்குகிறார்கள். உழவர்கள் வாங்கிப் போகிறார்கள். நம் பக்கம் இது புதிதா? வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அறிந்த அந்த ஊர் உழவர்கள், 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கியவர்கள். கழிவில் உள்ள சத்து நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற அறிவு இந்த மண்ணில் இருக்கிறது.

ஆனால் மனிதக் கழிவை அப்படியே வயலில் விடக்கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாக்குப்பூச்சியின் முட்டை தொட்டியின் அடியில் தங்கி, மண்ணில் ஆண்டுக் கணக்கில் உயிரோடு இருக்கும். நாற்றம் போய்விட்டது, பார்வைக்கு மண் போல ஆகிவிட்டது என்பதால் அது செத்துவிட்டதாகப் பொருளில்லை. காய்ந்த கசடைக் குவித்து மாதக் கணக்கில் வைக்க வேண்டும். அல்லது குப்பையோடு சேர்த்துக் குவித்து உள்சூடு ஏற விட வேண்டும். லிட்டர் நீருக்கு, அல்லது கிராம் எருவுக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2006-இல் சொன்ன அளவு. சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் உழவரிடம் எருவைக் கொடுக்க வேண்டும். அப்போதும் கீரை, வெள்ளரி போலப் பச்சையாகத் தின்பவற்றுக்கு வேண்டாம் என்பேன்.

அடுத்து நான் சொல்லப் போவது எனக்கு மிக முக்கியமானது. மிக மெதுவாகச் சொல்கிறேன்.

குழிக்குள் மனிதர் இறங்கிச் சாகிறார்கள். இன்றும் சாகிறார்கள். அடியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் சில மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும், சில சமயம் மூன்றாமவரும் அப்படியே விழுகிறார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து செத்த செய்திகளை நீங்கள் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். இப்படி இறங்க யாரைக் கூப்பிடுகிறோம்? எந்தச் சாதிக்காரரைக் கூப்பிடுகிறோம் என்பது இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கூப்பிடுகிறவர் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்துவிட்டது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லி 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. போன உயிருக்கு அது ஈடாகாது. 'அடியில் கொஞ்சம் கெட்டியா இருக்கு, லாரிக்கு வரல, ஓர் ஆளை இறக்கிடலாம்' என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கலக்கி மோட்டாரால்தான் எடுக்க வேண்டும். உதவிக்கு 14420 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இருபது ஆண்டு எடுக்காமல் விட்ட கசடுதான் அப்படிப் பாறையாக இறுகுகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் குழாயிலேயே வந்துவிடும். தள்ளிப்போடுவதன் விலையை நம் வீட்டுக்காரர் யாரும் கொடுப்பதில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் கொடுக்கிறார்.

ஆகவே நிலையத்தைக் கட்டினால் மட்டும் போதாது. லோடு அங்கே வந்து சேர வேண்டும். வீட்டுக்காரர் நினைத்தால் லாரியைக் கூப்பிடுவது, லாரிக்காரர் நினைத்தால் நிலையத்துக்கு வருவது என்று இருந்தால், கோடிக் கணக்கில் கட்டிய நிலையத்தில் படுகைகள் காலியாகக் கிடக்கும். கால்வாய் முன்போலவே நாறும். இதற்கு நல்ல விடை கண்ட ஊர் மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்திலுள்ள வாய். கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன நகராட்சி. அங்கே 2018 முதல் யாரும் கூப்பிடாமலே லாரி வருகிறது. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மூன்று ஆண்டுக்குள் எல்லா வீட்டுத் தொட்டியும் ஒருமுறை காலியாகும்படி அட்டவணை போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் லாரிக்குத் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. சொத்து வரியோடு ஒரு சிறு சுகாதார வரி கட்டுகிறார். ஒப்பந்தக்காரருக்குப் பணம் செய்த வேலையைப் பார்த்துத்தான் போகிறது. பக்கத்தில் கால்வாயில் கொட்டுவதில் அவருக்கு லாபம் இல்லாமல் போய்விட்டது.

நம் ஊருக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூவாயிரம் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு ஆயிரம் லோடு. வேலை நாள் முந்நூறு என்றால் நாளைக்கு மூன்று, நாலு லோடு. ஒரே லாரி போதும். இது பெரிய ஊர்க் கணக்கே இல்லை.

குளியலறை, சமையலறைத் தண்ணீர் பற்றிக் கேட்பீர்கள். அது தொட்டிக்குப் போகாமல் வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போகிறது. அளவில் அதுதான் அதிகம். கசடு நிலையம் அதைத் தொடாது. இதை மறைக்கக் கூடாது. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதற்கு அந்தத் தண்ணீரில் உள்ள சத்தும் காரணம். வாய்க்கால் ஏரியில் சேரும் வாயில் கல்வாழைப் படுகை போல ஒன்று அமைக்கலாம். அது தனி வேலை, தனிப் பணம். அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

உங்கள் மனுவைத் திரும்பப் பெறச் சொல்ல நான் வரவில்லை. மாற்றி எழுதச் சொல்கிறேன். வீடுகளிலிருந்து இத்தனை தூரம் என்று எழுதுங்கள். படுகைக்குக் கூரை, ஆண்டுதோறும் மணலுக்குப் பணம், மாதாமாதம் நீர்ச் சோதனை முடிவைப் பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்று எழுதுங்கள். லாரிகள் வரும் நேரத்தில் கேட் திறந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சேருங்கள். பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் லாரி கால்வாய்க்குத்தான் போகும். நிலையத்தில் வேலை செய்பவருக்குக் கையுறை, பூட்ஸ், குளிக்க ஓர் இடம், குடற்பூச்சி மருந்து, மருத்துவப் பரிசோதனை இவற்றைக் கேளுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள். அட்டவணைப்படி லாரி வர வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

அதற்கு முதல் வேலை கணக்கெடுப்பு. தொட்டி எங்கே இருக்கிறது, அடியில் தளம் இருக்கிறதா, கடைசியாக எப்போது எடுத்தது, லாரிக் குழாய் எட்டுமா என்று கேட்டு மகளிர் குழுப் பெண்கள் வீடு வீடாக வரட்டும். வந்தால் உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். வெட்கப்பட்டு 'நல்லா இருக்கு' என்று அனுப்பிவிடாதீர்கள். மூடி எங்கே என்று காட்டுங்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டிச் சமையலறையை நீட்டியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடைத்து எடுக்க ஒரு கொத்தனாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.